சண்டை போட ஒரு பக்கத்து வீடு!

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சென்னைவாசிகளை மூன்றாகப் பிரித்துவிடலாம். கோயில் க்யூவில் நிற்பவர்கள், மட்டன் கடை க்யூவில் நிற்பவர்கள், தண்ணீர் நிரம்பிய பாலிதீன் பையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்ப்பவர்கள். இந்த மூன்றாவது கோஷ்டியை மொத்தமாகத் தரிசிக்க வேண்டுமானால் கொளத்தூருக்குப் போகவேண்டும்.

மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் அரக்கோணம் மார்க்கத்து ரயிலைப் பிடித்து, பெரம்பூர், கேரேஜ், லோகோ எல்லாம் தாண்டி வில்லிவாக்கத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளாகத் தொற்றிக்கொண்டால் வந்துவிடலாம். ரயில் ஏறுகிற இடத்துக்கும் போய்ச் சேருகிற இடத்துக்கும் ஒரு பூர்வஜென்ம பந்தம் உண்டு. பழைய மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களோடு கிளியும் முயலும் வண்ண மீனும் விற்ற காலம் ஒன்று இருந்தது. 1985-ல் அது எரிந்து போயிற்று. இன்றைக்கு மீன் என்றால் சென்னைக்காரரின் கால் தானாகவே கொளத்தூர் பக்கம் திரும்புகிறது.

கடைத்தெரு ஒரு திருவிழா. ஆளுக்கொரு பாட்டில் கொடுத்து ஏகாந்தத்தில் உட்கார வைத்திருக்கும் ஃபைட்டர் மீன்கள் (பக்கத்து பாட்டிலைப் பார்த்துவிட்டால் தாடியைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்), வயிறு பெருத்த கோல்டு ஃபிஷ், கிலோ கணக்கில் கலர் கூழாங்கல், தண்ணீருக்குள் வாயைத் திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலை. தெர்மக்கோல் பெட்டிக்குள் ஆக்ஸிஜன் அடைத்த பைகளை அடுக்கி, பிரவுன் டேப் ஒட்டி, வெளியூருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆனால் தெருவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் பாதிக் கொளத்தூரைத்தான் பார்த்தவர். மீதிப் பாதி பின்னால் இருக்கும் வீடுகளில் இருக்கிறது. மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டி, கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், அதற்குள் மூன்றடுக்கு ஸ்டாண்டுகளில் கண்ணாடித் தொட்டிகள், ராப்பகலாக உறுமும் காற்று மோட்டார். இடம் போதாமல் இந்தத் தொழில் புழல், செங்குன்றம் என்று வடக்கே நகர்ந்துகொண்டே போகிறது. பெயர் மட்டும் இன்னும் ‘கொளத்தூர் மீன்’தான்.

நான் பி.காம். எனக்கும் மீனுக்கும் உள்ள சம்பந்தம், வெள்ளிக்கிழமை தவிர்த்த மற்ற நாட்களில், தட்டோடு சரி. என்னை இங்கே கொண்டுவந்து தள்ளியது என் தங்கை மகனின் அழுகை.

பத்து வயசு. பிறந்தநாளுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி கேட்டு வாங்கிக்கொண்டான். அதில் ஏழெட்டு மீன். அவற்றில் இரண்டு ‘கான்விக்ட்’. மத்திய அமெரிக்கப் பூர்வீகம். உடம்பெல்லாம் கறுப்புப் பட்டையாக, பழைய சினிமா ஜெயில் உடுப்பு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். ஆண் பெரிசு. பெண் சின்னது, ஆனால் வயிற்றில் அழகான ஆரஞ்சு நிறம் அதற்குத்தான். இரண்டும் ஜோடி சேர்ந்தன. உடைந்த மண்சட்டிக்குள் முட்டை வைத்தன. வைத்த நிமிஷத்திலிருந்து தொட்டியில் எமர்ஜென்சி. மற்ற மீன்கள் எல்லாம் ஒரே மூலையில் ஒதுங்கி நின்றன. ஒன்று மூலையை விட்டு ஓரங்குலம் வந்தால்கூட அடி.

மீன் வாங்கின கடையில் யோசனை கேட்டார்கள். “கல்யாணம் ஆன ஜோடி ஸார், தனிக்குடித்தனம் வெச்சிடுங்க” என்றார் கடைக்காரர். நியாயமாகத்தான் பட்டது. மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றினார்கள். தொட்டியில் அமைதி திரும்பியது. மூன்று நாள்.

நாலாவது நாள் ஆண் திரும்பியது, பெண் பக்கம். முட்டையெல்லாம் காணோம். பெண்ணின் வால் நார் நாராகக் கிழிந்து, ஃபில்டருக்குப் பின்னால், நீர்மட்டத்தை ஒட்டித் தலையைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக நின்றது. கீழே இறங்கினால் அடி.

“மாமா, அவன் அப்பாதானே? ஏன் அம்மாவைக் கடிக்கிறான்?”

பி.காம். சிலபஸில் இதற்கு விடை இல்லை. பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று தங்கை போன் செய்தாள். நண்பரின் நண்பர் மூலம் கொளத்தூரில் ஒரு அக்காவின் விலாசம் கிடைத்தது.

அக்காவுக்கு ஐம்பது இருக்கலாம். தோளில் துண்டு, கையில் தண்ணீர் உறிஞ்சும் ரப்பர் டியூப். ஷெட்டில் அறுபது தொட்டிகளாவது இருக்கும். முக்கால்வாசி ஏஞ்சல்; தட்டையாக, மேலும் கீழும் நீண்ட துடுப்போடு, காற்றாடி மாதிரி மிதக்கும் அமேசான் மீன். தொட்டிக்கும் தொட்டிக்கும் நடுவில் நியூஸ் பேப்பர் செருகியிருந்தது. ஈரத்தை உறிஞ்ச என்று நினைத்துக்கொண்டேன்.

கதையைச் சொன்னேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஜோடி கூட வேற மீன் இருக்குதா?”

“இல்லக்கா, தனியா...”

“யாரு தனியா வுடச் சொன்னது?”

கடைக்காரரைக் காட்டிக் கொடுக்காமல் மௌனம் காத்தேன்.

“அதுக்குக் கோவம் வரும் தம்பி. வந்தே தீரும். புள்ளகுட்டிய காவக் காக்கற ஜீவன். எதிரின்னு நாலு பேர் இருந்தா அவன் மேல காட்டும். ஒருத்தனும் இல்லன்னா? எதுக்கால இருக்கறது பொண்டாட்டிதானே!”

அக்கா சொன்னது இந்தக் குடும்பத்துக்கே பொருந்துகிற விஷயம். ‘சிக்லிட்’ என்று பெயர். உலகத்தில் 1,500-க்கும் மேற்பட்ட இனங்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும். நமக்குத் தெரியாத குடும்பமும் இல்லை. 1952-ல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்து, இன்றைக்கு ஏரி, குளம் எல்லாம் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டுவிட்ட ஜிலேபிக் கெண்டை ஒரு சிக்லிட். வாழையிலையில் பொரித்துத் தரும் கேரளத்துக் கரிமீன் ஒரு சிக்லிட். 2010-ல் அதற்கு மாநில மீன் அந்தஸ்தே கொடுத்துவிட்டார்கள், பொரிப்பதை நிறுத்தவில்லை. இந்தியாவின் சொந்த சிக்லிட் மொத்தம் மூன்றே. அதில் கரிமீன் ஒன்று.

பெரும்பாலான மீன்கள் முட்டையைப் போட்டுவிட்டு, “உன் பாடு, கடல் பாடு” என்று போய்விடும். சிக்லிட் போகாது. கல்லையோ இலையையோ துடைத்துச் சுத்தம் செய்து, முட்டையை வரிசையாக ஒட்டி, துடுப்பால் விசிறி, குஞ்சு பொரித்து நீந்தத் தொடங்கியதும் கூட்டமாக மேய்த்துக்கொண்டு போகும். டிஸ்கஸ் என்ற மீன் தன் தோலில் சுரக்கும் வழவழப்பையே குஞ்சுகளுக்கு ஆகாரமாகக் கொடுக்கிறது. ஜிலேபி வகையறாவில் தாய், முட்டையை வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்கும். அத்தனை நாளும் கிட்டத்தட்டப் பட்டினி. இவ்வளவு பாசத்துக்கும் ஆகும் செலவுதான் அந்தக் கோபம். சாதுவான அப்பா மீனை அக்கா விரும்புவதில்லை. “தொரத்தாத மீன் முட்டைய காப்பாத்தாது. தானே துண்ணுடும்” என்றார்.

எனக்குப் புரிந்த பாஷையில் சொல்வதென்றால், இந்த மீனின் கோபத்தை ரைட் ஆஃப் செய்ய முடியாது. வேறு கணக்குக்கு மாற்றி எழுதத்தான் முடியும். மனைவி பெயரில் பற்று விழாமல் பக்கத்து வீட்டான் பெயரில் விழவேண்டும்.

நியூஸ் பேப்பரின் ரகசியம் அப்போதுதான் விளங்கியது. அக்காவிடம் மூன்று நிலை உண்டு: முழுப் பேப்பர், அரைப் பேப்பர், நோ பேப்பர். புதுசாக முட்டை வைத்த பயந்தாங்கொள்ளி ஜோடிக்கு முழுப் பேப்பர். எந்நேரமும் பக்கத்து வீட்டானைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பதற்றத்தில் முட்டையைத் தின்றுவிடும். பழகிய ஜோடிக்கு அரை. ஆண் கொஞ்சம் பெண்ணை முறைக்க ஆரம்பித்தால் பேப்பரை உருவிவிடுவார். பக்கத்துத் தொட்டி ஆண் தெரியும். உடனே இருவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செவுளை விரித்து, வாலை அடித்து, ஊரைக் கூட்டுவார்கள். இதில் ஓர் அதிசயம், அடி வாங்கிக்கொண்டிருந்த பெண்ணும் வந்து புருஷன் பக்கத்தில் நின்று பக்கத்து வீட்டாரைத் திட்டும்! யாருக்கும் ஒரு செதில்கூட உதிராது. நடுவில் கண்ணாடி.

“வாரப் பத்திரிகை ஏதாவது வைக்கலாமேக்கா?” என்றேன், ஓர் உள்நோக்கத்தோடு.

“சைஸ் பத்தாது தம்பி. தினசரிதான் சரியா இருக்கும்.”

என் எழுத்தால் உலகத்தில் சமாதானம் உண்டாகும் என்ற கடைசி நம்பிக்கையும் போயிற்று.

இதே விஷயத்தை ஆஸ்திரியாவைச் சேர்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1963-ல் எழுதிய, சண்டைக் குணத்தைப் பற்றிய தன் புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். மிருகங்களின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973-ல் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டவர். ஒரே தொட்டியின் நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து, பக்கத்துக்கு ஒரு ஜோடி. எதிர் வீட்டார் மேல் எரிந்து விழுந்துகொண்டு இரண்டு தம்பதியும் ஒற்றுமையாக இருந்தார்கள். நாளாக நாளாகத் தடுப்பில் பாசி படியும். எதிர் வீடு மங்கலாகும். உடனே ஆண், மனைவியிடம் கடுகடுக்கத் தொடங்கும். கண்ணாடியைத் துடைத்தால் மறுபடி குடும்பத்தில் ஒற்றுமை! பாசி துடைக்கும் வேளை வந்துவிட்டது என்பதை ஆணின் முறைப்பை வைத்தே தெரிந்துகொண்டார்களாம். அக்காவிடம் இதைச் சொன்னேன். “நோபல்லாம் குடுத்தாங்களா? நாங்க கண்ணாடி தொடைக்கறது தெனம்தான்” என்றார்.

பேப்பர் ஒன்றே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் ஜோடியே சரியாக அமைய வேண்டும். இந்த ஜாதியில் பெரியவர்கள் பார்த்து நிச்சயிக்கும் கல்யாணம் அநேகமாகக் கொலையில் முடியும். ஒரு பெரிய ஆண், ஒரு பெரிய பெண் வாங்கிவந்து ஒரே தொட்டியில் விட்டால் மறுநாள் ஒன்றுதான் இருக்கும். அக்கா எட்டுக் குட்டிகளை ஒன்றாக வளர்க்கிறார். வளர்ந்ததும் இரண்டு பேர் தாமாகவே ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்ற ஆறு பேரை விரட்டினால், அதுதான் ஜோடி. காதல் கல்யாணம் மட்டுமே செல்லும்.

அடுத்து, ஒளிய இடம். சட்டி வைக்கலாம், ஆனால் ஒரே வாய் உள்ள சட்டிக்குள் பெண் புகுந்தால் ஆண் வாசலில் நின்றுவிடும். “அது வூடு இல்ல தம்பி, பொறி.” இரண்டு பக்கமும் திறந்த பி.வி.சி. பைப் துண்டு நல்லது. ஆண் பெரிசாகவும் பெண் சிறிசாகவும் இருந்தால் தடுப்பில் பெண் மட்டும் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை போடுவார். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டும் ஒரே தொட்டியில். வேண்டும்போது போகலாம், வரலாம். புது மீன் விடும்போது கல், சட்டி எல்லாவற்றையும் இடம் மாற்றி வைக்கவேண்டும். பழைய ஆசாமிக்கும் வீடு புதுசாகிவிடுவதால் பட்டாவைக் காட்டிச் சண்டை போட முடியாது.

மாலாவி ஏரி சிக்லிட்டுகளுக்கு வைத்தியம் நேர்மாறு. அங்கே ஜோடி கிடையாது. ஓர் ஆணுக்கு மூன்று நாலு பெண். கொஞ்சமாக விட்டால் இளைத்தவன் செத்தான். நெருக்கமாக நிறைய விட்டு, தண்ணீரை அடிக்கடி மாற்றினால் அடி எல்லோருக்கும் பங்கு பிரிந்துவிடும். 29சி பஸ்ஸில் குறிபார்த்து ஒருவர் காலை மட்டும் மிதிக்க முடியுமா?

எது ஊடல், எது உயிருக்கு ஆபத்து என்று கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டேன். அக்கா ஒரு தொட்டியைக் காட்டினார். இரண்டு மீன்கள் வாயோடு வாய் கவ்விக்கொண்டு இழுபறி நடத்தின. எனக்குப் பகீரென்றது. “இது ஒண்ணும் பண்ணாது. ரெண்டும் சமமா நிக்குது பாரு, பலம் பாக்குதுங்க. ஒண்ணு மட்டும் ஓடிக்கிட்டே இருந்து, மேல மூலையில போய் ஒட்டிக்கிச்சுன்னா யோசிக்காத. உடனே பிரிச்சிடு.”

அன்று சாயங்காலமே தங்கை வீட்டில் பிரித்தோம். தொட்டிக்கு நடுவே சின்ன ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் தடுப்பு. தண்ணீர் மட்டும் போகும், வரும். இரண்டரை வாரத்தில் பெண்ணுக்கு வால் வளர்ந்துவிட்டது. பழைய தொட்டிவாசிகளை ஒரு சின்னத் தொட்டியில் போட்டு, ஆண் இருக்கும் பக்கத்துக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தோம். ஆணுக்கு ஜென்ம சாபல்யம். விடிந்ததிலிருந்து விளக்கணைக்கும் வரை அவர்களோடு வாக்குவாதம். தடுப்பை எடுத்த அன்று பையன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான், வலையைக் கையில் வைத்துக்கொண்டு. பெண் மெதுவாக வந்து ஆண் பக்கத்தில் நின்று, அதுவும் அந்தச் சின்னத் தொட்டியைப் பார்த்துச் செவுளை விரித்தது. இப்போது பையன் தினமும் பல் தேய்ப்பதற்கு முன்னால் அந்தக் கண்ணாடியைத் தேய்க்கிறான்.

இந்த நல்ல செய்தியைச் சொல்லத்தான் கொளத்தூருக்கு இரண்டாம் முறை போனேன். அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. பின்பக்கத்து அறையில் அவரும் அவர் கணவரும் ஒரு தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஃப்ளவர்ஹார்ன். இது கடவுள் படைத்த மீன் அல்ல. 1990-களில் மலேசியாவில் மத்திய அமெரிக்க சிக்லிட் வகைகளைக் கலந்து உண்டாக்கிய ஒட்டு. நெற்றியில் பெரிய புடைப்பு, விலாவில் சீன எழுத்து மாதிரி புள்ளிகள். வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம் என்று யாரோ கிளப்பிவிட, வாஸ்து மீன் ஆகிவிட்டது. அதிர்ஷ்டம் மீனுக்கு உண்டா தெரியாது. ஆண்களில் பலவற்றுக்கு வாரிசு உண்டாக்கும் சக்தியே கிடையாது. இந்த ஆண் அப்படியல்ல, இரண்டு முறை குஞ்சு பொரித்துக் காட்டியது. உள்ளங்கை அகலம். நடுவில் கட்டம் கட்டமாக ஒரு பிளாஸ்டிக் கிரில். அந்தப் பக்கம் பாதி சைஸில் பெண்.

பெங்களூர்க்காரர் ஒருவர் குஞ்சுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். அக்காவின் மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். கணவர் கிரில்லின் மேல் கை வைத்தபடி, “ரெண்டு நாளா ஆடிக்கினே இருக்கான். தூக்கிடலாமா?” என்றார்.

அக்கா குனிந்து பெண்ணின் அடிவயிற்றைப் பார்த்தார். முட்டைக் குழாய் துளிதான் தெரிந்தது.

“போன வருசம் இப்படித்தான் தூக்கினோம்” என்றார், என்னிடம். “சோறு துண்ணுட்டு, கை கழுவிட்டு வந்து பாத்தோம்...” முடிக்கவில்லை. “அஞ்சு வருசம் வளத்த பொண்ணு அது.”

கணவர் கையை எடுத்துக்கொண்டார். “ஃபீஸு?”

“பத்து நாள் டைம் இருக்குது.”

பெண் இருக்கும் பக்கம் ஒரு டைல்ஸ் துண்டை எடுத்து, கிரில்லை ஒட்டினாற்போல் சாய்த்து வைத்தார். பெண் அதில் முட்டை போட்டால், கட்டங்களின் வழியாகவே ஆணின் விந்து வந்து சேர்ந்துவிடும். எல்லா முட்டையும் தேறாது; தேறின வரைக்கும் லாபம். டைல்ஸ் சாயாமல் நிற்கிறதா என்று விரலால் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார்.

பிறகு ஆண் பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே இருந்த பேப்பரை உருவினார். அடுத்த தொட்டியில் தேமே என்று நின்றிருந்த ஆஸ்கர் மீன் ஒன்று திடுக்கிட்டுத் திரும்பியது. ஃப்ளவர்ஹார்ன் நெற்றியால் கண்ணாடியில் ஓங்கி ஒரு முட்டு முட்டியது.

“கொஞ்ச நேரம் அவனாண்ட கத்திக்கினு இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, “காப்பி குடிப்பீங்களா தம்பி?” என்றார் அக்கா.